குரோனோகிராஃப் பொய் சொல்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

“அண்ணா, இந்தக் குரோனோகிராஃப் சரியில்லை. வேறு எதை வாங்கலாம்?” குண்டு போகும் வேகத்தை அளக்கும் கருவிதான் குரோனோகிராஃப்; ஏர் ரைபிள் சுடுபவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: “என்ன எண் காட்டியது? எழுதி வைத்திருக்கிறாயா?” பெரும்பாலும் எழுதி வைத்திருப்பதில்லை. “கண்டபடி காட்டுகிறது” என்பார்கள். கண்டபடி காட்டும் கருவி அபூர்வம். ஒவ்வொரு கோளாறும் தனக்கென ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்தால் குற்றவாளி வெளிச்சமா, தூரமா, பேட்டரியா, ரைபிளா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகும் புதிய கருவி தேவைப்பட்டால் வாங்குங்கள். எதை வாங்குவது என்பதும் அந்தத் தேடலிலேயே தெரிந்துவிடும்.

கீழே உள்ளவை 4.5 மி.மீ. ஏர் ரைபிளை மனத்தில் வைத்து எழுதியவை. வெடிமருந்துத் துப்பாக்கிக்கு மாறுபடும் இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

முதலில், என்ன எண் வர வேண்டும்?

எதிர்பார்ப்பு இல்லாமல் அளக்கப் போனால் எந்த எண்ணும் சரியாகத்தான் தெரியும். 10 மீட்டர் போட்டிக்கான ரைபிள் 0.53 கிராம் பெல்லட்டை (ஏர் ரைபிளின் சிறு ஈயக் குண்டை) வினாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் தள்ளும். ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் விற்கும் ஏர் துப்பாக்கிகளுக்கு 7.5 ஜூல் என்ற வரம்பு உண்டு. 0.53 கிராமுக்கு அது 168 மீ/வி ஆகிறது. போட்டி ரைபிள்கள் எல்லாம் இந்தச் சுற்றுவட்டத்திலேயே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலைத் தாண்டினாலோ 4.5 மி.மீ. குழலைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். அதே 0.53 கிராம் பெல்லட்டுக்கு 20 ஜூல் என்பது சுமார் 275 மீ/வி. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட வேகத்தை நம்பி வாங்கியவர்கள், அந்த எண் எந்த எடைப் பெல்லட்டுக்கு என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். எடை குறைந்த பெல்லட்டைப் போட்டால் எந்த ரைபிளும் வேகமாகத்தான் தெரியும்.

அலகையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். 558 என்று காட்டினால் பதற வேண்டாம், அது அடிக்கணக்கு. 3.28-ஆல் வகுத்தால் 170 வரும். ஆற்றலையும் சேர்த்துக் காட்டும் கருவிகளில் பெல்லட் எடையைக் கிராமில் கேட்கிறதா கிரெயினில் கேட்கிறதா என்பது இன்னொரு குழி. 0.53 கிராம் என்பது 8.18 கிரெயின். வேகம் சரியாக இருந்து ஜூல் மட்டும் அபத்தமாக வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

சுட்டும் எண் வரவில்லை

வெளிச்சத்தில் வேலை செய்யும் கருவிக்கு இரண்டு கண்கள். ஒரு கண்ணின் மேல் பெல்லட் போகும்போது நிழல் விழும், கடிகாரம் ஓடத் தொடங்கும். அடுத்த கண்ணில் நிழல் விழுந்ததும் நிற்கும். கண்களுக்கு நடுவே ஓர் அடி, அதாவது 30.5 செ.மீ. என்றால், 170 மீ/வி பெல்லட் அதைக் கடக்க 1.8 மில்லி வினாடி ஆகும். கருவி உண்மையில் அளப்பது அந்த 1.8-ஐ மட்டும்தான். மற்றதெல்லாம் வகுத்தல் கணக்கு.

நிழல் விழவில்லை என்றால் எண் இல்லை. எனவே முதலில் பாதை உயரம். கண்ணிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் பெல்லட் போக வேண்டும். அதற்கு மேலே போனால் 4.5 மி.மீ. பெல்லட்டின் நிழல் கரைந்துவிடும். கருவியின் மேல் நிற்கும் இரு கம்பிகளுக்கு நடுவிலும் போக வேண்டும். ஓரமாகப் போனால் கண்ணின் பார்வைக்கு வெளியே போய்விடும்.

அடுத்தது வானம். மேகம் மூடிய நாள்தான் இந்தக் கருவிகளுக்குத் திருநாள். உச்சி வெயிலில் கண்களுக்கு மேலே வெள்ளை மூடிகளைப் பொருத்துங்கள். மங்கலான நாளில் அவற்றைக் கழற்றிவிடுங்கள். மாலை வெயில்தான் மோசம். சாய்ந்த கதிர் பெல்லட்டின் அடிவயிற்றில் பட்டு மின்னும்போது கண்ணுக்கு அது நிழலாகவே தெரியாது. அப்போது பெல்லட்டைக் கறுப்பு மார்க்கரால் பூசிச் சுட்டுப் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பளபளக்கும் செம்பு உறை போட்ட தோட்டாக்களோடு மல்லுக்கட்டுபவர்களின் பழைய வைத்தியம் இது. பூசிய பெல்லட்டுக்கு எண் வந்து பூசாததற்கு வரவில்லை என்றால் கருவி நல்ல கருவி. வெயிலுக்குத் தடுப்பு மட்டும் கட்டினால் போதும்.

சுடாமலேயே எண் வருகிறது

டியூப் லைட் மாட்டிய கூடத்தில் இது தினசரிக் கூத்து. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, 1.8 மில்லி வினாடியை அளக்கப் பிறந்த கருவிக்குப் பெரிய அலையாகத் தெரியும். சோக் வைத்த பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் இதில் ஒரே ஜாதி. குண்டு பல்பின் இழை சூட்டைத் தக்கவைத்துக்கொள்வதால் துடிப்பு குறைவு, ஆனாலும் உண்டு.

சோதனை எளிது. விளக்கையெல்லாம் அணையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கருவியைச் சும்மா ஐந்து நிமிடம் விட்டு வையுங்கள். பேய் எண்கள் நின்றுவிட்டால் விளக்குதான். தீர்வு, 12 வோல்ட் பேட்டரியில் எரியும் எல்இடி பட்டையைக் கண்களுக்கு மேலே ஒட்டுவது. நேர்மின்னோட்டத்தில் துடிப்பு கிடையாது. ஆனால் அதே பட்டையை அடாப்டர் வழியாகவோ மங்கலாக்கும் குமிழ் வழியாகவோ எரித்தால் பிரச்சினை வேறு வடிவில் திரும்பி வரலாம். நான் ஒரு மாதம் சென்சாரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குற்றவாளி அந்தக் குமிழ்.

அகச்சிவப்பு விளக்கும் அதற்கேற்ற கண்ணும் சேர்ந்து வரும் கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு. மூடிய கூடத்தில் மட்டுமே சுடுபவருக்கு நான் அவற்றையே சொல்வேன்.

340-க்குப் பக்கத்தில் ஒரு எண், அல்லது நம்பவே முடியாத 64

ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். 170-ல் போகும் பெல்லட்டைக் கருவி 340 என்று சொன்னால் அது பெல்லட்டை அளக்கவே இல்லை. குழல் வாயிலிருந்து வந்த வெடிப்பலை இரண்டு கண்களையும் உலுக்கிவிட்டுப் போயிருக்கிறது. ஏர் ரைபிளில் பெல்லட் ஒலியை விட மெதுவாகப் போவதால் அலை எப்போதும் முந்திக்கொள்ளும்.

64 இன்னும் சுவையானது. குழல் வாயிலிருந்து ஒரு மீட்டரில் முதல் கண் இருக்கிறது என்று வையுங்கள். ஒலி அங்கே 2.9 மில்லி வினாடியில் வந்து கடிகாரத்தை ஓடவிடுகிறது. இரண்டாவது கண் ஒலியைப் பொருட்படுத்தாமல் பெல்லட்டுக்காகக் காத்திருக்கிறது. பெல்லட் அங்கு வந்து சேர்வது 7.7 மில்லி வினாடியில். இடைவெளி 4.8 மில்லி வினாடி. 30.5 செ.மீ.யை அதனால் வகுத்தால் 64 மீ/வி. இப்படிப் பாதிக்கும் கீழான ஒரு எண் அவ்வப்போது தலைகாட்டினால், கருவியை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். அல்லது நடுவில் துளையிட்ட தடித்த அட்டை ஒன்றைக் குழலுக்கும் கருவிக்கும் இடையே நிறுத்துங்கள். பெல்லட் துளை வழியே போகும், காற்று அட்டையில் மோதி விலகும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கு 3 முதல் 5 மீட்டர் தள்ளி வைப்பது வழக்கம்.

எண்கள் ஒழுங்காக வருகின்றன, ஆனால் எல்லாமே கூடுதல் அல்லது எல்லாமே குறைவு

இதுதான் ஆபத்தான அறிகுறி. மேலே சொன்னவை தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். இது காட்டிக்கொடுக்காது. 170, 171, 170, 169 என்று அழகாக வரும். உண்மை 166 ஆக இருக்கும்.

நடுவில் மடித்து மூடும் பெட்டி வடிவக் கருவி என்றால் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கீல் பக்கம் மணல் சிக்கி அரைகுறையாகத் திறந்திருந்தால் கண்களின் இடைவெளி குறையும், வேகம் கூடுதலாகத் தெரியும். ஒரு மில்லி மீட்டருக்கு அரை மீ/விக்குக் கொஞ்சம் மேல். கம்பியில் நகர்த்திப் பொருத்தும் கண்கள் என்றால் இரும்பு அளவுகோலால் அளந்து பாருங்கள். தையற்கடை டேப் வேண்டாம்.

பிறகு சாய்வு. பெல்லட் பாதைக்குக் கருவி 5 பாகை சாய்ந்திருந்தால் 170-ல் முக்கால் மீட்டருக்கும் குறைவாகத்தான் இழப்பீர்கள். 10 பாகை என்றால் 2.6. சாய்ந்த கருவி எப்போதும் குறைத்தே காட்டும், கூட்டிக் காட்டாது. கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டம் ஒன்று போதும். ரைபிளையும் கருவியையும் இரண்டு நிமிடத்தில் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

அடுத்தது, எங்கே அளக்கிறீர்கள் என்பது. தட்டைத்தலைப் போட்டிப் பெல்லட் காற்றை மார்பால் தள்ளிக்கொண்டு போகும். மீட்டருக்குச் சுமார் 2 மீ/வி வேகத்தை இழக்கும். ஒருவர் குழல் வாயிலேயே திருகும் கருவியில் 172 பார்க்கிறார். இன்னொருவர் மூன்று மீட்டர் தள்ளி 166 பார்க்கிறார். இருவரும் சண்டை போடுகிறார்கள். இருவர் சொல்வதும் சரி. எண்ணோடு தூரத்தையும் எழுதும் பழக்கம் இருந்தால் இந்தச் சண்டை வராது.

கடைசிக் காரணம் பெல்லட்டின் நீளம். முதல் கண் தலையைப் பார்த்தும் இரண்டாவது கண் வாலைப் பார்த்தும் விழித்தால், 5 மி.மீ. சொச்சம் பாதை கூடிவிடுகிறது. 30.5 செ.மீ.யில் அது கிட்டத்தட்ட 2 சதவீதம், 170-ல் சுமார் 3 மீ/வி. ஒரு கண்ணில் தூசு, அல்லது ஒரு கண்ணுக்கு மேல் மட்டும் நிழல் என்றால் இது நடக்கும். இரண்டு கண்களையும் மென்துணியால் துடையுங்கள். கருவியைத் திசை திருப்பி, பின் கண் முன்னால் வரும்படி வைத்து மீண்டும் சுடுங்கள். திருப்பியதும் சராசரி மாறினால் குற்றம் கண்களிலோ வெளிச்சத்திலோ இருக்கிறது. திருப்பிச் சுட அனுமதிக்காத வடிவமுள்ள கருவிகளில் வெளிச்சத்தையாவது இடம் மாற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கடிகாரப் படிகத்தைப் பலர் சந்தேகிக்கிறார்கள். அதன் பிழை மேற்சொன்ன எதோடும் ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது. அதை விட்டுவிடுங்கள்.

எல்லாம் சரிபார்த்தும் எண்ணை நம்ப மனம் வரவில்லை, இன்னொரு கருவி இரவல் கிடைக்கவில்லை என்றால்? 1742-ல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்த வழி இருக்கிறது. மரப்பலகை பதித்த ஊசலில் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து வேகத்தைக் கணக்கிட்டார். (இந்த மனிதர் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க இங்கே வந்து, 1751 ஜூலை 29 அன்று கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகப் பெயர் பெற்ற இளவேனில் வாலறிவன் பிறந்ததும் கடலூரில்தான். எனக்கு இந்தத் தற்செயலில் ஒரு தனி மகிழ்ச்சி.)

வீட்டிலேயே செய்யலாம். ஒரு சிறு டப்பாவில் களிமண்ணை ஐந்து செ.மீ. ஆழத்துக்கு இறுக அடைத்து, மொத்தம் 200 கிராம் வருமாறு தராசில் நிறுத்துங்கள். தாங்கும் கட்டையிலிருந்து டப்பாவின் நடுமட்டம் வரை 1 மீட்டர் வருமாறு நான்கு நூல்களில் தொங்கவிடுங்கள். ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி நின்று, துளையிட்ட அட்டை வழியாகக் களிமண்ணின் நடுவில் சுடுங்கள். பக்கத்தில் அளவுகோலை நிறுத்திக் கைப்பேசியில் படம் பிடித்தால் டப்பா எவ்வளவு தள்ளிப் போனது என்று தெரியும். இந்த அளவுகளுக்கு, தள்ளிப்போன ஒவ்வொரு செ.மீ.க்கும் சுமார் 11.85 மீ/வி. 14.3 செ.மீ. ஆடினால் 170-க்கு அரை மீட்டர் குறைவு. ஒரு மி.மீ. தவறாகப் படித்தால் 1.2 மீ/வி பிழை வரும். ஆகவே பத்து முறை சுட்டுச் சராசரி எடுங்கள். ஒவ்வொரு முறையும் பதிந்த பெல்லட்டை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டப்பாவின் எடை ஏறிக்கொண்டே போகும், அடுத்த பெல்லட் பழையதில் பட்டுத் தெறிக்கவும் கூடும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள். டப்பாவுக்குப் பின்னால் முறையான தடுப்பு இல்லாமலும் செய்யாதீர்கள். இதில் ஒளி இல்லை, சென்சார் இல்லை, பேட்டரி இல்லை. குரோனோகிராஃபும் ஊசலும் இரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் கருவியை நம்பலாம்.

எண்கள் சிதறுகின்றன

168, 174, 163, 171. இது ரைபிளின் சிதறலா, கருவியின் சிதறலா? இந்தக் கேள்விக்கு ஒரே கருவியை வைத்துக்கொண்டு பதில் கிடைக்காது. நூறு குண்டு சுட்டாலும் கிடைக்காது. இது புரியாமல் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைக் கழற்றியவர்கள், குழலை மாற்றியவர்கள், பெல்லட்டை ஒவ்வொன்றாக எடைபோட்டவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

இரண்டு கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரே நேர்கோட்டில் வையுங்கள். ஒரே பெல்லட் இரண்டையும் கடக்கட்டும். ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு எண்களையும் எழுதி, பக்கத்தில் வித்தியாசத்தை எழுதுங்கள். முதல் கருவி 170.2, 165.9, 173.4 என்றும் இரண்டாவது 167.8, 163.6, 171.0 என்றும் காட்டினால் வித்தியாசம் 2.4, 2.3, 2.4. இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன. கருவிகள் நல்லவை, சிதறல் ரைபிளினுடையது. நடுவே உள்ள ஒரு மீட்டரில் காற்று தின்ற வேகம்தான் அந்த இரண்டு சொச்சம். மாறாக வித்தியாசம் 2.4, 6.1, -3.0 என்று துள்ளினால், ஏதோ ஒரு கருவி பொய் சொல்கிறது. எது என்பதையும் கண்டுபிடிக்கலாம். முன்னும் பின்னும் இடம் மாற்றி வையுங்கள், வெளிச்சத்தை மாற்றுங்கள். எதன் எண் அதற்கு ஏற்ப ஆடுகிறதோ அதுதான்.

இந்த எண்ணத்தை ஒரே கருவிக்குள் அடக்கியவர்கள் டெக்சாஸின் ஆஸ்டினில் இருக்கும் ஓய்லர் நிறுவனத்தினர். அவர்களுடைய 35பி மாடலில் மூன்று கண்கள். ஒவ்வொரு குண்டையும் இரு முறை அளந்து, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் குறியிட்டு எச்சரிக்கும். இன்றைய ரேடார்களுக்கு முன்னால் அது ஒரு கிழட்டு யானைதான். இருந்தாலும் தன் சந்தேகத்தைத் தானே சொல்லும் கருவி என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம். இரண்டாவது கருவி வாங்கக் கட்டுப்படியாகாது என்பவர்கள் நண்பருடையதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேளுங்கள். இரண்டு சாதாரணக் கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரு விலையுயர்ந்த கருவியை விட அதிகம் சொல்லும்.

எத்தனை குண்டு சுடுவது? ஐந்து குண்டை வைத்துத் திட்ட விலக்கத்தை (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) சொல்பவர்களை நம்பாதீர்கள். ஐந்தில் கிடைத்த விலக்கம் 1 மீ/வி என்றால் உண்மையானது 0.6-லிருந்து 2.9 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இருபது சுட்டால் அது 0.76-லிருந்து 1.46 வரை என்று சுருங்கும். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியோ குண்டு கூடக்கூடத் தானாகவே விரியும். ஐந்து குண்டுக்காரர் பத்து குண்டுக்காரரிடம் “என் ரைபிள்தான் சீர்” என்று பெருமை அடிப்பதில் அர்த்தமில்லை.

முதல் குண்டு மட்டும் வேகம், அல்லது மெல்ல மெல்ல இறங்குகிறது

இங்கே கருவி பெரும்பாலும் நிரபராதி. ஒழுங்கான வடிவம் உள்ள மாற்றம் ரைபிளிலிருந்து வருகிறது.

காற்றடைத்த சிலிண்டர் ரைபிளில், பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டுச் சுடும் முதல் குண்டு மட்டும் நான்கைந்து மீட்டர் கூடுதலாகப் போனால் ரெகுலேட்டர் கசிகிறது. நிறுத்தி வைத்த நேரத்தில் அழுத்தம் மெல்ல ஏறிவிடுகிறது. உறுதி செய்ய, இடைவெளியை ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போய் முதல் குண்டை மட்டும் எழுதுங்கள். கூடவே வேகமும் ஏறினால் சந்தேகமே இல்லை. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் வீட்டில் கழற்றாதீர்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். 200 பார் அழுத்தத்தோடு விளையாட்டு வேண்டாம். நீண்ட வரிசையின் கடைசியில் வேகம் சரிந்தால் சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டரின் அளவுக்குக் கீழே போய்விட்டது. காற்று நிரப்புங்கள், அவ்வளவுதான்.

ஸ்பிரிங் ரைபிளுக்கு எண்ணெய் போட்டவுடன் சுட்டால் முதல் சில குண்டுகள் தாறுமாறாகப் பறக்கும். உள்ளே எண்ணெய் ஆவி எரிகிறது. லேசான புகையும் கருகிய வாடையும் சாட்சி. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு “என் ரைபிள் இவ்வளவு போகிறது” என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. எண்ணெய் எரிந்து தீரும் வரை எழுதாதீர்கள்.

ரேடார் கருவி சில குண்டுகளைப் பார்க்கவே இல்லை

ரேடாருக்கு வெயிலும் டியூப் லைட்டும் ஒரு பொருட்டல்ல. லேப்ரேடாரும் 2023-ல் வந்த கார்மின் ஸீரோ சி1 ப்ரோவும் வந்த பிறகு, வெளியிடத்தில் சுடும் பலர் கம்பியும் வெள்ளை மூடியும் கொண்ட பழைய கருவிகளை அலமாரியில் ஏற்றிவிட்டார்கள். கார்மின் அறிமுகமானபோது 600 டாலர். கையடக்கம். ரைபிளுக்குப் பக்கத்தில் மேஜையில் வைத்தால் போதும், பெல்லட் பாதையில் எதுவும் நிற்காது.

ஆனால் இதற்கும் நோய் உண்டு. 24 கிகாஹெர்ட்ஸ் அலை 170 மீ/வி பெல்லட்டில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் சுமார் 27 கிலோஹெர்ட்ஸ் மாறுகிறது. கருவி தேடுவது அந்த மாற்றத்தை. 4.5 மி.மீ. ஈயத் துணுக்கிலிருந்து திரும்பி வரும் எதிரொலியோ மிக மங்கலானது. எனவே முதலில் பட்டியலில் ஏர் ரைபிள் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். ரைபிள் என்றே விட்டிருந்தால் கருவி வேறொரு வேக எல்லையில் தேடிக்கொண்டிருக்கும். இரண்டாவது, கருவியின் முகம் இலக்கை நேராகப் பார்க்கிறதா? மேஜையில் கை பட்டுத் திரும்பியிருக்கும். மூன்றாவது, சத்தம் கேட்டு விழிக்கும் வகை என்றால் ஏர் ரைபிளின் மெல்லிய சத்தம் அதை எழுப்பாமல் போகலாம். உணர்திறனைக் கூட்டுங்கள். கூட்டினால் பக்கத்து வரிசைக்காரர் சுடுவதற்கும் அது விழித்துக்கொள்ளும், அவருடைய வேகம் உங்கள் பட்டியலில் ஏறும். ஆள் இல்லாத நேரத்தில் அளப்பதுதான் சுலபமான தீர்வு.

ஃபேன்? ஓடும் ஃபேனின் இறக்கை நுனி வினாடிக்கு முப்பது மீட்டருக்குள்தான் போகிறது. அதைப் பெல்லட் என்று கருவி ஏமாறாது. இருந்தாலும் மங்கிய எதிரொலியைத் தேடும் காதுக்கு எந்த அசைவும் இரைச்சல்தான். அணைத்துவிட்டுப் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். வியர்த்தாலும் சந்தேகம் தீரும்.

குழல் வாயில் மாட்டும் கருவியில் விசித்திரம்

இருட்டுக் குழாய்க்குள் அகச்சிவப்புக் கண்கள் இருப்பதால் வெளிச்சத் தொல்லை இல்லை. மலிவு. ஆனால் கண்களின் இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. பெல்லட்டின் நீளத்தால் வரும் பிழை இங்கே பல மடங்காகும். குழல் வாயின் காற்றும் நேரே உள்ளே வீசுகிறது. மாட்டும்போது குழாய் குழலோடு ஒரே நேராக இருக்கிறதா என்று ரைபிள் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு பாருங்கள். ஓரம் உரசிய பெல்லட் எண்ணையும் கெடுக்கும், கருவியையும் கெடுக்கும். வேகத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்காணிக்க இது போதும். 20 ஜூல் வரம்புக்கு உள்ளேயா வெளியேயா என்று தீர்ப்புச் சொல்ல இதை மட்டும் நம்ப மாட்டேன்.

வெடிமருந்துத் துப்பாக்கிக்காரர்கள் பயன்படுத்தும் மேக்னெட்டோஸ்பீடு என்ற கருவி, குழலின் கீழே கத்தி போலக் கட்டப்படுவது. வேகத்தை நன்றாகவே அளக்கும். ஆனால் குழலில் எடை தொங்குவதால் குண்டு படும் இடம் மாறிவிடும். வேகத்தையும், குண்டுகள் இலக்கில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவருக்கு அது ஏற்றதல்ல.

திரை இருண்டுவிட்டது

முதலில் பேட்டரி. 9 வோல்ட் செவ்வகப் பேட்டரி சாகும் முன் எச்சரிக்கை காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல கருவிகள் அதற்கு முன்பே தடுமாறத் தொடங்கும். அரை மணி நேரமாக நன்றாக இருந்த எண்கள் திடீரென்று துள்ள ஆரம்பித்தால், மேலே சொன்ன எதையும் செய்யும் முன் புதிய ஆல்கலைன் பேட்டரி போடுங்கள். அளக்கப் போகும் பைக்குள் ஒன்று கூடுதலாக எப்போதும் இருக்கட்டும்.

பேட்டரியும் புதிது என்றால் கருவியின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். 4.5 மி.மீ. துளை தட்டுப்படுகிறதா? வெட்கப்பட வேண்டாம். பார்வைக் கோடு குழலுக்கு நான்கைந்து செ.மீ. மேலே ஓடுகிறது. 10 மீட்டரில் சந்திக்கும்படி அமைத்த ரைபிளில், ஒரு மீட்டர் தூரத்தில் பெல்லட் நீங்கள் பார்க்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு கீழே போகும். கருவியின் கண்களுக்கு மேலே குறி வைத்து, கருவியையே சுடுவது இப்படித்தான். குறியைப் பார்க்காமல் குழலைப் பார்த்து மட்டம் வையுங்கள். இரு கண்களுக்கும் முன்னே வெற்று அட்டையை நிறுத்தி முதல் குண்டைச் சுட்டு, துளை எங்கே விழுந்தது என்று பார்த்த பிறகே அட்டையை எடுங்கள்.

பழைய கருவி ஒன்றை யாராவது மலிவாக விற்க வந்தாலும் நான் முதலில் தடவிப் பார்ப்பது அந்த முன்பக்கத்தைத்தான். துளையை ஒட்டுப் போட்டு மறைத்திருந்தால் கண்களின் இடைவெளியை அளவுகோலால் அளந்து பார்த்த பிறகு விலை பேசுவேன். துளையே இல்லை என்றால் அவர் அதைப் பயன்படுத்தவே இல்லையோ என்று ஒரு சந்தேகம் வரும்.